பதினேழாம் பக்கத்துப் புள்ளி

நாத்தனார் வந்த பதினோரு நாளும் படக்காரர் மனைவி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். குளியலறைக் கொடியில் தன் துண்டு தொங்குகிற இடத்தில் நாத்தனாரின் துண்டு தொங்கியதைப் பொறுத்துக்கொண்டாள். "அண்ணாவுக்கு டீயில இவ்வளவு சக்கரை ஆகாது அண்ணி" என்று சர்க்கரை டப்பா மேல்தட்டுக்கு ஏறிப்போனதைப் பொறுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாக அடைத்துக் கிடந்த கூடத்து ஜன்னலை ஒருத்தி வந்து ஒரே இழுப்பில் திறந்ததையும், காற்று வந்ததையும், அந்தக் காற்று நன்றாக இருந்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் அவளுடைய புள்ளியை நாத்தனார் நகர்த்தினாள்.

அந்த வீட்டில் புள்ளி என்றால் நடைபாதையில் மஞ்சள் மெழுகுக்குச்சியால் போடுகிற அடையாளம். பெயர்தான் புள்ளி, அவள் போடுவது மூன்று சின்னப் பெருக்கல் குறிகள். கேமராவின் முக்காலி நிற்கவேண்டிய மூன்று இடங்கள். நகராட்சி அலுவலகம் ஓர் ஆல்பம் கேட்டிருந்தது, இருபத்துநான்கு பக்கம். எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்துவைத்துப்போன கட்டடங்களின் படம் கெட்டித்தாளில் அடியில் இருக்கும். அதே இடத்தில் நின்று இன்றைக்கு எடுத்த படம் கண்ணாடித்தாளில் அதன்மேல் படுத்திருக்கும். கண்ணாடித்தாளைத் தூக்கினால் பழைய ஊர். இறக்கினால், அதே கல் வாசலும் அதே தூணும் அப்படியே இருக்க, பின்னால் முப்பத்தொரு மாடி நீலக் கண்ணாடி எழுந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு ஒருகணம் நிற்கும். ஆனால் கேமரா ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டால் போயிற்று. ஒவ்வொரு ஜன்னலும் இரண்டாகும், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நிழல் தூண் முளைக்கும். காய்ச்சல்காரன் கண்ணுக்குத் தெரிகிற ஊர்மாதிரி ஆகிவிடும்.

அதனால் இடம் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதை அவள்தான் செய்துவந்தாள். படக்காரருக்குக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளிச்சத்தைப் பார்க்கத் தெரியும். வெயிலில் மூன்று மணி நேரம் ஒரு தெருவை அங்குலம் அங்குலமாக நடக்கத் தெரியாது. அவள் நடப்பாள். ஒரு கையில் பழைய படத்தின் பிரதி, இன்னொரு கையில் மஞ்சள் குச்சி, தோள் பையில் தண்ணீர் பாட்டில், தப்பான புள்ளியை அழிக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி. காவல்காரர்களும் கடைக்காரர்களும் அவளை மஞ்சக்குச்சியம்மா என்பார்கள். போன வருஷம் படக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு அவள் புள்ளிதான் அவருக்குக் கண். முக்காலியை வைத்துவிட்டு, "உன் புள்ளியாச்சே" என்பார். பார்ப்பதுகூடச் சும்மா ஒரு மரியாதைக்குத்தான்.

பதினேழாம் பக்கம் பழைய தந்தி ஆபீஸ். இரண்டு மாடிக் கல் கட்டடம், உச்சியில் செம்புத் தகடு வேய்ந்த ஒரு குமிழ். அன்றைக்கு மழை வருகிறமாதிரி இருட்டிக் காட்டிவிட்டு வராமல் போன பிற்பகல். காற்றே இல்லை. நடைபாதைக் கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவள் ஒன்றரை மணி நேரம் நடந்து மூன்று பெருக்கல் போட்டு நிமிர்ந்தபோது, கூட வந்திருந்த நாத்தனார் விளக்குக் கம்பத்தின் அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்தக் கம்பம் பொறந்த எடம் இது இல்ல."

"அது எங்க பொறந்தா என்ன? படத்துல கம்பத்துக்குப் பக்கத்துலதான் நின்னு எடுத்திருக்கான். நானும் பக்கத்துலதான் போட்டிருக்கேன்."

"படத்துல சரி. தரையில நகந்திருக்கே. இங்க வந்து பாருங்க."

நாத்தனார் அந்தச் சூட்டில் மண்டியிட்டு, கையாலேயே மண்ணைத் தள்ளினாள். கல்லில் நான்கு ஓட்டைகள், சதுரமாக, உள்ளே துருப்பிடித்த ஆணிக் கட்டைகள். கம்பத்திலிருந்து ஒன்றரை முழம் தள்ளி.

"ரோட்டை அகலமாக்கினப்ப பிடுங்கி இந்தப் பக்கம் நட்டிருக்காங்க. யாரு கண்டா, அந்த வரைபடத்தை நானே போட்டிருப்பேன்." நாத்தனார் இருபத்தாறு வருஷம் கட்டட ஆபீஸில் வரைபடம் போட்டவள். ஆபீஸை மூடிவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள், இரண்டு மாசத்துக்கு என்று சொல்லி.

பக்கத்து டீக்கடைக்காரர் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். "ஆமா மஞ்சக்குச்சியம்மா. எங்கப்பா காலத்துல கம்பம் அங்கதான் இருந்துச்சு. பெஞ்சு போட எடமில்லன்னு தெனம் அதைத் திட்டிட்டே இருப்பாரு."

"நாலு நாளா நான் இங்கயே சுத்திட்டிருக்கேன். சொல்லலையே நீங்க?"

"நீங்க கம்பத்தைப் பத்திக் கேக்கலையே. டீ கேட்டீங்க, குடுத்தேன்." அவரே சிரித்துக்கொண்டார். "எதுவானாலும் நாளைக்குக் காலையிலயே முடிச்சிருங்க. மத்தியானம் சாரம் கட்ட ஆள் வருது. பச்சை வலையைப் போட்டு மூடிட்டு, மேல இருக்கற குமிழை எறக்கிட்டு, ரெண்டு மாடி ஏத்தறாங்களாம்."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் பெருக்கலின்மேல் நின்று பார்த்தாள். பழைய படத்தில் பின்னால் தெரியும் புகைபோக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் ஒரு விரல்கடை விலகி நின்றது. அதை அவள் முன்பே பார்த்திருந்தாள். வெயிலில் காற்று நெளிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் காட்டிய இடத்தில் போய் நின்றாள். தொட்டது.

உண்மையாகவே தொட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாத்தனார் தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, மனசார அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாள்.

"அந்தக் குச்சியைக் குடுங்க அண்ணி."

கொடுத்தாள். நாத்தனார் மண்ணெண்ணெய்த் துணியால் மூன்று பெருக்கலையும் துடைத்துவிட்டு, தன் இடத்தில் மூன்று வட்டம் போட்டாள். ஆபீஸ் பழக்கம்; வட்டம் ஒவ்வொன்றும் காசு வைத்து வரைந்ததுபோல் இருந்தது. தன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து இன்னொருத்தி பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் அவள் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரின் முட்டி வீங்கிக்கொண்டது. படக்காரர் டீயோடு வந்து உட்கார்ந்தார். தங்கையின் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தார். நாத்தனார் கம்பத்தின் கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், அண்ணியின் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. "கம்பம் ஏமாத்திடுச்சு அண்ணா" என்றுதான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப காது மூக்கைத் தொடுதா?" என்று படக்காரர் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாத் தொடுது."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது.

காதும் மூக்கும் அவர்கள் வீட்டுப் பேச்சு. படத்தில் முன்னால் தெரியும் ஒரு முனை மூக்கு. தூரத்தில் தெரியும் ஒரு முனை காது. பழைய படத்தில் காது மூக்கைத் தொட்டால், இன்றைக்கும் அது தொடுகிற இடத்தில்தான் நிற்கவேண்டும். கல்யாணமாகி மூன்றாம் மாசம், ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவளை உட்காரவைத்து, தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, அவர் சொல்லித் தந்தது. பிறகு அது தெருவோடு நிற்கவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று கேட்க, "காது மூக்கைத் தொடுதா?" சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார, அதே கேள்வி. குழந்தை இல்லாத வீட்டில் அந்த இரண்டு வார்த்தையும் குழந்தைகள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் இருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும் அது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எது, காது மூக்கா?" நாத்தனார் சிரித்தாள். "நல்லா கேட்டீங்க போங்க. பேரு வெச்சதே நான்தான் அண்ணி."

"இவ ஏழு வயசுல வெச்சது," என்றார் படக்காரர். முகமெல்லாம் வெளிச்சம். "மொட்டைமாடியில ஒத்தைக் கண்ணை மூடிட்டு நிப்பா. தண்ணித் தொட்டி காது, கொடிக்கம்பம் மூக்கு. ரெண்டும் தொடற எடத்தைக் கண்டுபிடிச்சு நிக்கணும். தோத்தவங்க துணி எடுத்துட்டு வரணும்."

"எப்பவும் நீங்கதான் தோப்பீங்க."

"நீ கள்ளாட்டம் ஆடுவ. எக்கி எக்கி நிப்ப."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெங்காயம் நறுக்குகிறவள் கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

படக்காரர் நோட்டை எடுத்தார். நீள நோட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். நேரம், லென்ஸ், உயரம். கடைசி வரியில் 'புள்ளி' என்று எழுதி, பக்கத்தில் பெயருக்குப் பதிலாக அவளே ஒரு சின்னப் பெருக்கல் போடுவாள். பதினாறு தாளில் பதினாறு பெருக்கல்.

"பதினேழுக்கு வட்டம்ல?" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவர் பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். நாத்தனார் அண்ணியை ஒருமுறை பார்த்தாள். "சும்மா போடு," என்றார் அவர். நாத்தனார் வட்டத்தைப் போட்டாள்.

ஐந்தரை மணிக்குப் படக்காரர் மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "ரொட்டி இல்ல. வாங்கிட்டு வந்துடறேன்."

ரொட்டிக் கடை இடதுபக்கம். அவள் வலதுபக்கம் நடந்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரு முனைவரை தெரியாது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கால் போனது. நீலக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஆட்கள் கழுத்தில் அட்டையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தந்தி ஆபீஸின் குமிழ்மேல் இரண்டு புறா. வட்டங்கள் மூன்றும் அழகாக இருந்தன. அவள் குனிந்தாள். துணியை எடுத்தாள். அதற்குப் பிறகு கை தானாகச் செய்தது. பழக்கப்பட்ட கை.

"என்ன மஞ்சக்குச்சியம்மா, மறுபடியும் கம்பம் நகந்துடுச்சா?" என்று டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"இல்ல, சும்மா... அழுத்திப் போட்டுட்டுப் போறேன்."

தன் பழைய இடத்தில், மெழுகு இன்னும் லேசாகப் பிசுபிசுத்த அதே கல்லில், மூன்று பெருக்கல் போட்டாள். திரும்பும்போது ஞாபகமாக ரொட்டி வாங்கினாள். கதவைத் திறந்த நாத்தனார் பையை வாங்கிக்கொண்டு மூக்கைச் சுளித்தாள். "ரொட்டியில மண்ணெண்ணெ வாசம் அடிக்குதே அண்ணி." கையைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று தடவை சோப்புப் போட்டாள்.

காலையில், "முட்டியை வெச்சிக்கிட்டு நீ எங்கயும் வரவேண்டாம்" என்று நாத்தனாரிடம் அவளே சொன்னாள். அக்கறையாகத்தான் இருந்தது குரல்.

தந்தி ஆபீஸில் வெயில் விழுவது ஏழு நாற்பதுக்கு. எதிரே இரண்டு புதுக் கட்டடங்களுக்கு நடுவிலிருக்கும் சந்து வழியாக வந்து விழும்; பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், போய்விடும். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பழைய கட்டடத்துக்கு இரண்டு வெயில். முகத்தில் நேர் வெயில். முதுகிலும் குமிழின் ஓரத்திலும், பின்னால் நிற்கிற கண்ணாடிக் கட்டடம் திருப்பி அடிக்கிற வெயில். இந்த இடம் பார்க்க வந்த முதல் நாள் காலையில் நாத்தனார்தான் அதைப் பார்த்துச் சொன்னாள்: "கெழவிக்கு வயசான காலத்துல ரெண்டாவது வெயில் கெடச்சிருக்கு பாருங்க." அதையும் அவர் நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த படக்காரர் கீழே பார்த்தார். "வட்டம்னாளே, இங்க பெருக்கல் இருக்கு?"

"வட்டத்துல நடு தெரியாது. மேல நானே போட்டுட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் பாத்த எடம். தப்பறதுக்கே வழியில்ல." முக்காலியின் மூன்று காலும் மூன்று பெருக்கலில் உட்கார்ந்தன.

அவர் துணிக்குள் தலையை விட்டார். வெயில் வந்தது. குமிழின் செம்பு பழுத்தது. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "காது படலையே."

அவள் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு விரல் வெலகித் தெரியுது. முக்காலியைத் தள்ளிப் பாக்கவா?" அவர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனார். "படல. எனக்குத்தான் படலையா?" நான்கு நிமிஷம் போயிருந்தது. மறுபடி வெளியே வந்து தரையைப் பார்த்தார், பெருக்கல்களை. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வெகுநாள் மறக்கவில்லை. "என் கண்ணை நம்பறதா, உன் புள்ளியை நம்பறதான்னா, உன் புள்ளிதான். ஆபரேஷன் பண்ணின கண்ணு, அதுக்கு எது நேரு எது கோணல்னு என்ன தெரியும்?"

இப்போது சொல்லலாம் என்று அவள் நினைத்தாள். ஒன்றரை முழம்தான். இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. வாயைத் திறந்தால், நாத்தனார் சொன்ன இடம் என்று சொல்லவேண்டியிருக்கும். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்து, அங்கேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அவர் நான்கு படம் எடுத்தார். வெயில் போயிற்று.

மத்தியானம் சாரம் கட்டினார்கள். சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் போகிற சாக்கில் போய்ப் பார்த்தாள். குமிழ்வரை பச்சை வலை. கட்டடம் முகத்தை மூடிக்கொண்டு நின்றது.

மறுநாள் பதினொரு மணிக்குப் படக்காரர் கண்ணாடித்தாளை ஈரம் உலர்த்தி எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய படத்தின்மேல் இறக்கினார். மூன்று பேரும் குனிந்தார்கள். திறந்த ஜன்னலிலிருந்து காற்று வந்து தாள் ஓரத்தைத் தூக்கிற்று. அவர் விரலால் அழுத்திப் பிடித்தார். தந்தி ஆபீஸுக்கு இருபத்துநான்கு ஜன்னல் தெரிந்தது. பன்னிரண்டு நிஜம், பன்னிரண்டு பேய். குமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ்.

தாளை இடதுபக்கம் நகர்த்திப் பார்த்தார். வலதுபக்கம் நகர்த்திப் பார்த்தார். ஒரு தூண் சேர்ந்தால் ஒரு ஜன்னல் பிரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"காது படலன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் எடுத்தேன்," என்றார். "எது நிஜமா தெரியுது, எது சும்மா தெரியுதுன்னே எனக்குத் தெரியல. இனிமே நான் எடுக்கக் கூடாது. மிச்சம் ஏழையும் வேற ஆளை வெச்சு எடுத்துக்கச் சொல்லிடறேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றாள் அவள். வாய்தான் சொன்னது.

நாத்தனார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடம் போட்ட கண்; எந்தப் பக்கம், எத்தனை தூரம் விலகியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். பிறகு நிமிர்ந்து அண்ணியின் கையைப் பார்த்தாள். கையை மட்டும். அவள் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல அண்ணா," என்றாள் நாத்தனார். "நான் காட்டின எடம்தான் தப்பு. அண்ணி அவங்க எடத்துல சரியாத்தான் போட்டிருந்தாங்க. நான்தான் பெரிய மேதாவியாட்டம் ஓட்டையைக் காட்டி மாத்தினேன். தாளுல கோடு கிழிக்கறவளுக்குத் தரையைப் பத்தி என்ன தெரியும்? என்னைத் திட்டுங்க."

அப்பாடா என்று அவளுக்கு ஒரு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சு.

படக்காரர் தங்கையின் தலையில் கையை வைத்தார். "போகுது விடு. பொறந்ததுலேருந்து ஒரு தப்பும் பண்ணாதவ. ஒண்ணாவது பண்ணினியே." தலையை ஆட்டிவிட்டார், ஏழு வயசுக்காரியை ஆட்டுவதுபோல.

அந்தக் கையை அவள் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தப்பும் செய்ததில்லை. அதனால் அந்தக் கை ஒருநாளும் அவள் தலையில் அப்படி விழுந்ததில்லை. ஜன்னல் போயிற்று, வார்த்தை போயிற்று, நோட்டில் ஒரு தாள் போயிற்று. இப்போது, தான் பாடுபட்டுச் செய்த ஒரே தப்பையும் நாத்தனார் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மன்னிப்பும் வாங்கிக்கொண்டாள். அடுத்து வாயில் வந்ததைத் தான் அவருடைய கண்ணுக்காகச் சொன்னோமா, அந்தக் கைக்காகச் சொன்னோமா என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அது அவ எடம் இல்ல," என்றாள். "அவ காட்டினது சரியான எடம். முந்தாநாள் சாயங்காலம் நான் போய் அழிச்சிட்டு என்னோடதைப் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

நாத்தனார் கண்ணாடித்தாளின் ஓரத்தை விரலால் அழுத்தினாள்.

"அண்ணி..." என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு."

படக்காரர் மேஜையைத் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எதுக்கு?"

பத்தொன்பது வருஷ வெயில், காலில் வந்த வெடிப்பு, நோட்டு, வட்டம் என்று சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது வேறு. "காது மூக்குன்னு சொல்றது நம்ம ரெண்டு பேரோட பேச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"எந்தக் காது?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நாத்தனாருக்குப் புரிந்தது. அவள் முகம் சிவந்து, வீங்கிய காலை ஸ்டூலிலிருந்து மெல்லக் கீழே இறக்கினாள்.

அவருக்கும் மெதுவாக ஏதோ வந்து சேர்ந்தது. ஆனால் வேறு பக்கத்திலிருந்து வந்தது. "காது படலன்னு ரெண்டு தடவை சொன்னேன். கேட்டுக்கிட்டா நின்ன?"

"நின்னேன்."

"குடையைப் பிடிச்சிக்கிட்டு."

"ஆமா."

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நாத்தனார் மறுபடி வாயெடுத்தாள். "நான் வராமலே இருந்திருக்கலாம் அண்ணி. நானும் அன்னிக்கு வட்டம்..."

"வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. இதை என்கிட்ட விடு."

அவள் நோட்டை இழுத்துப் பதினேழாம் தாளைத் திறந்தாள். அவருடைய பேனா மூடி திறந்தே கிடந்தது. வட்டத்தின்மேல் தன் பெருக்கலைப் போட்டாள், வழக்கமாகப் போடுவதைவிடப் பெரிதாக. பேனா முனை தாளைக் கீறிக்கொண்டு போயிற்று. வட்டம் மறையவில்லை, பெருக்கலுக்கு அடியில் அப்படியே தெரிந்தது.